கலியாண வீடியோவும் கிளவுட் பில்லும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஸ்ரூடியோ நடத்தும் ஒருவர், ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு, இணையவழியே கோப்புகளை வைத்திருக்கும் தமது கிளவுட் சேமிப்புக்கான மாதாந்தப் பில்லை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தொகை வழமையைவிடப் பல மடங்கு. "நான் புதுசா ஒண்டும் ஏத்தேல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான், பில்லில் சேமிப்புக்கான தொகையில் மாற்றமே இல்லை. பெருத்திருந்தது அதற்குக் கீழே, வெளிச்செல்லும் தரவுக்கான தொகை. கலியாண வீடியோவின் இணைப்பைப் பெண் வீட்டார் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு முறை முழுக் கோப்பையும் தரவிறக்கியிருந்தார்கள்.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது ஒரு ஜிகாபைற்றை ஒரு மாதம் வைத்திருப்பதற்கான விலை மட்டுமே. எடுத்துக்காட்டாக, அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3இன் மும்பை மையத்தில் சாதாரண வகுப்புக்கு அது 2.5 அமெரிக்க சதம். 20 ஜிகாபைற் வீடியோவை வைத்திருக்க மாதம் அரை டொலர் போதும். அதையே 60 பேர் தரவிறக்கினால் 1200 ஜிகாபைற் வெளியே போகிறது. மாதத்தின் முதல் 100 ஜிகாபைற் இலவசம். மிகுதி 1100க்கு, ஒன்றுக்கு ஏறத்தாழ 11 சதம் வீதம், 120 டொலர். டொலரை 300 ரூபா என்று கொண்டால் 36,000 ரூபா. இங்கே எடுக்கும் படத்தைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் கடல் கடந்து இருக்கும் எங்கள் ஊரில் முதலில் பார்க்கவேண்டிய விலை இதுதான். பில் டொலரில் வருவது இன்னொரு தலையிடி: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 300 ஐத் தொட்டபோது, ஒரு கோப்புக்கூடக் கூடாமலே எல்லோருடைய பில்லும் கூடியது.

அவருடைய கணக்கைக் கிளறியபோது கண்ணுக்குத் தெரியாத கோப்புகளும் அகப்பட்டன. பெரிய வீடியோக்கள் துண்டு துண்டாகவே ஏற்றப்படுகின்றன. இடையில் மின்சாரம் போய் ஏற்றம் அறுந்தால், அதுவரை போய்ச் சேர்ந்த துண்டுகள் வழமையான கோப்புப் பட்டியலில் தோன்றாமலே அங்கு கிடந்து வாடகை கேட்கும். முடிவுறாத ஏற்றங்களை ஏழு நாளில் அழிக்கும்படி ஒரு விதி எழுதி வைத்தால் அந்தச் செலவு நின்றுவிடும். பழைய பதிப்புகளைப் பேணும் வசதி இயங்கினால் "அழி" என்று அழுத்துவதும் கோப்பை மறைக்கிறதே தவிர, கட்டணத்தை நிறுத்துவதில்லை.

அரிதாக எடுக்கும் கோப்புகளுக்கான மலிவான காப்பக வகுப்புக்கு மாற்றலாமா என்று கேட்டார். பழைய மூலப்பதிவுகளுக்கு அது சரி. ஆனால் அமேசானின் டீப் ஆர்க்கைவ் வகுப்பில் குறைந்தபட்சக் காலம் 180 நாட்கள். ஒரு மாதத்தில் அழித்தாலும் மிகுதி ஐந்து மாதத்துக்கும் கட்டவேண்டும். கோப்பை மீட்க 12 மணி நேரம்வரை பிடிக்கும், அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. நாளைக்கே அல்பம் வேண்டுமென்று நிற்கும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லமுடியாது.

வெளிச்செல்லும் தரவுக்குக் கட்டணமே அறவிடாத சேவைகளும் இருக்கின்றன. கிளவுட்ஃபிளேரின் ஆர்2 அப்படியானது. கோப்பை ஏற்றவும் எடுக்கவும் அனுப்பும் கோரிக்கைகளுக்கு மட்டும் தனிக் கணக்கு. வசாபி என்ற சேவையும் அறவிடுவதில்லை, ஆயினும் மாதத்தில் வெளியே எடுக்கும் அளவு சேமித்திருக்கும் அளவை மிஞ்சக்கூடாது என்பது அதன் நிபந்தனை. ஒரே வீடியோவை அறுபது பேர் இறக்கும் இடத்துக்கு அந்த "இலவசம்" பொருந்தாது என்பது என் கருத்து.

செலவு எல்லைக்கு ஓர் எச்சரிக்கையும் அமைத்துக் கொடுத்தேன். அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர, தானாகச் சேவையை நிறுத்தாது என்பதை இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. இப்போது அவர் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு யூடியூப்பில், இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி, வீடியோவை ஏற்றிவிடுகிறார். முழுக் கோப்பைக் கலியாண வீட்டாருக்கு மட்டும் பென்ட்ரைவில் கொடுத்து, அதன் விலையை அல்பக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்.