மணவாளக்குறிச்சி மணலில் ஓர் அடுக்குக் கணக்கு

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் தாது மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232 இன் அரை ஆயுள், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய எடுக்கும் காலம், ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள். அது படிப்படியாகச் சிதைந்து ஈயமாக முடிவதற்குச் சற்று முன்பு போலோனியம்-212 தோன்றுகிறது. அதன் அரை ஆயுளோ 0.3 மைக்ரோ நொடி. இரண்டும் உமிழ்வது ஒரே வகைத் துகளைத்தான்: இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த ஆல்ஃபா துகள். வெளிப்படும் ஆற்றல், அணுக்கருவுக்கான அலகில், முன்னதில் 4.1 மெகா எலக்ட்ரான் வோல்ட், பின்னதில் 9. ஆற்றல் இருமடங்கைச் சற்றே தாண்டியதற்கு, ஆயுள் 24 சுழியங்கள் அளவுக்குச் சுருங்கிவிட்டது! இயற்பியலில் இதைவிட என்னை வியக்க வைத்த ஒப்பீடு வேறில்லை.

ஹான்ஸ் கைகர், ஜான் நட்டால் என்ற இயற்பியலாளர்கள் 1911 இலேயே இந்தப் போக்கைக் கண்டிருந்தார்கள். காரணத்தை 1928 இல் ஜார்ஜ் காமாவும், தனியாக கர்னி, காண்டன் இருவரும் கண்டுபிடித்தார்கள்: குவாண்டம் ஊடுருவல்.

கருவின் விளிம்பில் மின்விலக்கம் எழுப்பும் ஆற்றல் அரணின் உயரம் 27 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவு. வெளியே போகப் போக அது சரிகிறது. 4.1 மட்டுமே கையில் உள்ள துகளுக்கு, கருவின் மையத்திலிருந்து 9 ஃபெம்டோமீட்டர் (மில்லிமீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு) முதல் 62 வரை அரண்தான். பழைய இயற்பியலில் அங்கே துகளுக்கு இடமே இல்லை. குவாண்டம் இயற்பியலிலோ அலை அதற்குள்ளும் நீள்கிறது, தேய்ந்துகொண்டே.

எவ்வளவு தேய்கிறது? அரண் வளைந்து சரிவதால், அதை மெல்லிய சீவல்களாக அறுத்துக்கொள்கிறோம். ஒரு சீவலுக்குள் உயரம் மாறாது என்று கொண்டால் கணக்கு எளிது: அந்த இடத்தில் அரணின் உயரத்தைவிடத் துகளின் ஆற்றல் எவ்வளவு குறைவோ, அதன் வர்க்கமூலத்துக்கும் துகள் நிறையின் வர்க்கமூலத்துக்கும் ஏற்ற வேகத்தில் அலை தேயும். மல் துணியை மடிக்க மடிக்க ஒளி மங்குவதுபோல, சீவலுக்குச் சீவல் தேய்மானங்கள் பெருகுகின்றன. பெருக்கல் என்றால் அடுக்குகளைக் கூட்டினால் போதும். அந்தக் கூட்டலே தொகையீடு. நிகழ்தகவு அலையின் வர்க்கம் என்பதால் அடுக்கை இரட்டிக்க வேண்டும். 1926 இல் வென்ட்செல், கிராமர்ஸ், பிரில்லுவன் ஆகியோர் தந்த தோராய முறையின் சாரம் இதுதான்.

தோரியத்துக்குப் போட்டுப் பார்த்தால், கருவுக்குள் அலையும் துகள் விளிம்பில் ஒரு முறை மோதும்போது தப்பிக்கும் வாய்ப்பு, 5 க்குப் பின்னால் 38 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணில் ஒன்று. போலோனியத்துக்கு அரண் 26 ஃபெம்டோமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. வாய்ப்பு கோடி கோடியில் ஒன்று. துகள் நொடிக்கு ஏறக்குறைய 1 க்குப் பின் 21 சுழியங்கள் போட்ட தடவை விளிம்பில் மோதுகிறது என்று வைத்தால், இரண்டு ஆயுள்களும் பெருமளவு சரியாகவே வருகின்றன. போலோனியத்தில் விடை நான்கைந்து மடங்கு பிசகுகிறது.

அந்தப் பிசகு இயல்பானது. அரண் செங்குத்தாக எழும் கரு விளிம்பில் சீவல் முறை அவ்வளவு பொருந்தாது. கருவின் ஆரமும் கூர்மையான அளவு அல்ல. அதை நூற்றுக்கு ஐந்து கூட்டினாலே தோரியத்தின் ஆயுள் ஏழில் ஒரு பங்காகிவிடும்.

ஒரு கிராம் தோரியத்தில் நொடிக்கு ஏறக்குறைய 4,000 அணுக்கள் இப்படிச் சிதைந்துகொண்டிருக்கின்றன.