நாடகத்துக்கு டிரெய்லர் எடுக்கறவங்க கவனத்துக்கு

பத்து வருஷத்துக்கு மேல வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில், அதுல சென்னை சபாக்கள்ல நாடகம் போடற குழுக்களுக்கு டிரெய்லர் பண்ணித் தர்ற வேலையும் வந்து சேர்ந்துச்சு. முன்னெல்லாம் சபா வாசல்ல ஒரு போர்டு, பேப்பர்ல ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ல ஒரு வரி, அவ்ளோதான். இப்ப வாட்ஸ்அப்ல டிரெய்லர் சுத்தலைன்னா நாடகம் நடக்கறதே பல பேருக்குத் தெரியறதில்ல, அதனால டிரெய்லர் கண்டிப்பா வேணும். ஆனா சினிமா டிரெய்லர் மாதிரியே வேணும்னு கேக்கறாங்க பாருங்க, அங்கதான் சிக்கலே.

நானே ஒரு குழுவுக்கு அப்படிப் பண்ணிக் குடுத்திருக்கேன். ட்ரோன் ஷாட், பீச்சுல ஹீரோ ஸ்லோமோஷன்ல நடந்து வர்றது, எல்லாம் இருந்துச்சு, நிறைய பேர் ஃபார்வர்ட் பண்ணாங்க. நாடகத்தன்னிக்கு இடைவேளைல ஒரு பெரியவர் என்கிட்ட வந்து, "ஏம்ப்பா, அந்த பீச் சீன் இனிமேதான் வருமா?"ன்னு கேட்டார். கதை முழுக்க ஒரே வீட்டு ஹாலுக்குள்ள நடக்கற நாடகம் அது. அவர் கோவமா கேக்கல, ஆசையா கேட்டார், அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. மேடைல அத்தனை பேரும் உயிரைக் குடுத்து நடிச்சிட்டு இருந்தாங்க, நான் அவரை வேற எதையோ எதிர்பார்க்க வெச்சுட்டேன்.

அதுலேர்ந்து மேடைல இருக்கறத மட்டும்தான் எடுக்கறேன். ஷோ நடக்கும்போது கேமராவத் தூக்கிட்டு முன்வரிசைக்குப் போனா பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும், அதனால மேக்கப், லைட்டோட முழு ரிகர்சல் ஒண்ணு கேட்டு வாங்கிக்குங்க. ஸ்பாட் லைட்ல முகம், பின்னாடி ஒரே இருட்டு, கேமராவ ஆட்டோ மோட்ல விட்டா அது இருட்டப் பார்த்து வெளிச்சத்த ஏத்தி முகத்த வெள்ளையா அடிச்சிரும். போன்ல எடுத்தாக்கூட முகத்து மேல விரல அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணிட்டு வெளிச்சத்தக் கொறைங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் ஸ்பீட ஒரு செகண்ட்ல 50ல ஒரு பங்கு இல்ல 100ல ஒரு பங்கு வெச்சா பெரும்பாலும் ஃப்ளிக்கர், அதாவது வீடியோல லைட் துடிக்கற மாதிரி தெரியறது, வராது.

படத்த விட சத்தம் முக்கியம். நாடகத்தோட உயிரே வசனம், அத கேமரா மைக்ல எடுத்தா ஏசி இரைச்சலும் ஹால் எக்கோவும்தான் கேக்கும். சவுண்ட் மிக்சர்லேர்ந்து ஒரு லைன் குடுங்கன்னு ஆடியோக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, முடிஞ்சா தனி ரெக்கார்டரும் வைங்க. நல்ல நடிகர் ஒரே மூச்சுல சொல்ற வசனத்த வெட்டாம இருபது செகண்ட் விட்டாலே போதும், டிக்கெட் வாங்க வெக்கறது அதுதான்.

மியூசிக்ல ரொம்ப பேர் மாட்டறாங்க. ‘பத்து செகண்ட் சினிமா பிஜிஎம் போட்டா ஒண்ணும் ஆகாது’ங்கறது தப்பு, அப்படி ஒரு விதியே கிடையாது, யூடியூப்ல அடுத்தவங்க மியூசிக்க தானா கண்டுபிடிக்கற ‘கன்டென்ட் ஐடி’ பிடிச்சா வீடியோவ முடக்கவும் வாய்ப்பிருக்கு. தியாகராஜர் 1847ல மறைஞ்சவர், அவர் கிருதிகளுக்கு இப்ப காப்புரிமை இல்ல, ஆனா அதை இன்னிக்கு ஒருத்தர் பாடி வெளியிட்ட ரெக்கார்டிங்குக்கு உரிமை உண்டு, நம்ம நாட்டுச் சட்டப்படி வெளியானதுலேர்ந்து 60 வருஷம். உங்க குழுவோட இசைக்காரர் போட்டதையே யூஸ் பண்ணுங்க, அதுக்கும் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வெச்சுக்குங்க.

நடிகர்கள்கிட்டயும் கேட்டுருங்க. பாதிப் பேர் பேங்க், ஆபீஸ்னு வேலைக்குப் போறவங்க, க்ளோசப் எல்லா குரூப்லயும் சுத்தறது சிலருக்குப் பிடிக்காது.

அப்புறம் தேதி, இடம், டிக்கெட் விவரத்த டிரெய்லருக்கு நடுவுல எழுதாதீங்க, கடைசில தனி கார்டா, வயசானவங்க கண்ணாடி இல்லாம படிக்கற சைஸ்ல, எட்டு செகண்டாவது நிக்கற மாதிரி போடுங்க. அடுத்த மாசம் வேற சபால ஷோ வந்தா அந்த கார்ட மட்டும் மாத்தி திரும்ப அனுப்பிக்கலாம்.