நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சர்வீஸ் ஏன் பின்தங்குகிறது?

பின்னணியில் ஓடும் சர்வீஸ் "அப்பப்போ லேட் ஆகுது" என்று யாராவது வந்தால் நான் கோடைத் திறப்பதற்கு முன், அது எப்போதெல்லாம் ஓடியது என்ற பதிவான லாக்கைத்தான் திறப்பேன். பெரும்பாலும் இப்படி இருக்கும்: 10:00:00, 10:01:02, 10:02:04, 10:03:06. வேலைக்கு 2 வினாடி, முடிந்தபின் ஸ்லீப் (சும்மா காத்திருப்பது) 60, ஆக சுற்றுக்கு 62 வினாடி. முப்பது சுற்றில் ஒரு நிமிடம் போச்சு. ஒரு நாளில் 1440 தடவை ஓட வேண்டியது 1394 தடவைதான் ஓடும். எர்ரர் எதுவும் வராததால், மாதக்கடைசியில் கணக்கு இடிக்கும்வரை யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்குக் கவலை.

சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு 1991 பிப்ரவரி 25 சாட்சி. சவூதியின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தை எண்ணும் அலகான 0.1 வினாடியை 24 பிட்டுக்குள் வெட்டி வைத்திருந்ததால் அதில் ஒரு துளி குறைந்தது. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் அது சுமார் 0.34 வினாடிப் பிசகாகிவிட, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள்.

சரி, நம் கோடுக்கு வருவோம். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதோடு 60, 120, 180 என்று கூட்டி அடுத்த முறையைக் கணக்கிடுங்கள், ஸ்லீப்புக்கு மீதி நேரத்தை மட்டும் கொடுங்கள். வேலைக்கு 2 வினாடி போனால் 58, 5 போனால் 55. ஜாவாவில் ஃபிக்ஸ்ட் டிலே (வேலை முடிந்தபின் காத்திருப்பது) வேறு, ஃபிக்ஸ்ட் ரேட் (தொடக்கத்திலிருந்து சீரான இடைவெளி) வேறு; நமக்கு வேண்டியது ரேட்.

இந்தக் கணக்குக்கு சிஸ்டத்தின் தேதி நேரத்தை எடுக்காதீர்கள், நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி திருத்தும்போது அது முன்னும் பின்னும் குதிக்கலாம். பின்னால் போகாத மோனோடானிக் கடிகாரம் இருக்கிறது, பைத்தானில் டைம்.மோனோடானிக். ஆனால் "தினமும் காலை 6 மணிக்கு" என்பது தேதி நேரத்தைப் பார்த்து ஓட வேண்டிய வேலை, அதைக் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவியான கிரானிடமே விட்டுவிடலாம். இதே வேலைக்கு லினக்ஸின் சிஸ்டம்டி டைமர் வைத்திருப்பவர்கள் அக்யூரசிசெக் என்ற அமைப்பைப் பாருங்கள். மாற்றாமல் விட்டால் அது ஒரு நிமிடம், அதாவது ஒரு நிமிடம் வரை தள்ளி ஓட அதற்கு அனுமதி உண்டு.

அப்புறம், வேலையே ஒருநாள் 3 நிமிடம் இழுத்துவிட்டால்? மீதி நேரம் மைனஸில் போகும், சர்வீஸ் விட்டதைப் பிடிக்க மூச்சுவிடாமல் அடுத்தடுத்து ஓடி டேட்டாபேஸை நெரிக்கும். விட்ட சுற்றுகளைத் தாண்டி அடுத்த சரியான நிமிடத்துக்குப் போகச் சொல்லுங்கள், எத்தனை சுற்று விட்டது என்று லாக்கில் ஒரு வரி எழுதுங்கள்.