நீராவிக்கு மூன்று சிலிண்டர்கள் எதற்கு?

சான் பிரான்சிஸ்கோவில் 'ஜெரமையா ஓபிரையன்' கப்பலைப் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எஞ்சின் அறையில் மூன்று சிலிண்டர்கள். ஒன்று சின்னது, ஒன்று நடுத்தரம், ஒன்று ராட்சசன். ஏன் ஒரே அளவில் செய்யவில்லை?"

முதலில் கப்பலைப் பற்றி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா அவசர அவசரமாகக் கட்டிய 2,700க்கும் மேற்பட்ட 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களில் இதுவும் ஒன்று. 1943இல் மெய்ன் மாநிலத்தில் கட்டினார்கள். 1944இல் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாடுகள் நடத்திய படையெடுப்புக்குச் சரக்கு சுமந்தது. 1994இல் அதன் பொன்விழாவுக்குத் தன் சொந்த எஞ்சினிலேயே திரும்பவும் அங்கே போய்வந்தது. இப்போது அருங்காட்சியகம். சில நாட்களில் பயணிகளை ஏற்றி விரிகுடாவைச் சுற்றிக் காட்டும்.

1943இலேயே இந்த எஞ்சின் பழசுதான். நீராவி பட்டுச் சுழலும் தகடுகளால் ஓடும் புதுவகை எஞ்சின்களான டர்பைன்களெல்லாம் போர்க்கப்பல்களுக்குப் போய்விட்டதால், எந்தப் பட்டறையும் செய்யக்கூடிய பழைய வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள்.

சரி, சிலிண்டருக்கு வருவோம். காற்றழுத்தத்தைப் போல சுமார் 15 மடங்கு அழுத்தத்தில் வரும் நீராவி, முதலில் 24.5 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளுகிறது. விரிகிறது, அழுத்தம் குறைகிறது. ஆனால் தெம்பு தீரவில்லை. அடுத்து 37 அங்குலம், அப்புறம் 70 அங்குலம். அழுத்தம் குறையக் குறைய, அதே தள்ளு விசைக்குப் பெரிய பரப்பு வேண்டும். அதனால் மூன்றும் வேலையைக் கிட்டத்தட்டச் சமமாகப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

ஒரே பெரிய சிலிண்டரில் முழுக்க விரியவிட்டால் என்ன? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. விரியும் நீராவி குளிர்கிறது. கூடவே சிலிண்டரின் இரும்புச் சுவரும் குளிர்கிறது. அடுத்த முறை 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் வரும் நீராவி அந்தச் சுவரில் பட்டு, ஒரு பகுதி எதையும் தள்ளாமலேயே தண்ணீராகிவிடும். ஒவ்வொரு தோசைக்கும் கல்லை ஆறவிட்டு மறுபடி சூடாக்கினால் கேஸ் என்ன ஆகும்? அதே கதைதான். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு சுவரும் வெப்ப வீழ்ச்சியில் ஒரு பங்கைத்தான் பார்க்கிறது, வீணாவது குறைகிறது.

கடைசிச் சிலிண்டருக்கு இன்னொரு உதவியும் உண்டு. வெளியேறும் நீராவி கண்டென்சருக்குள் போய், கடல்நீர் ஓடும் குழாய்களில் பட்டுத் தண்ணீராகிறது. அங்கே ஏறக்குறைய வெற்றிடம். பிஸ்டனின் மறுபக்கம் எதிர்த்துத் தள்ள ஆளில்லாததால், சோர்ந்த நீராவியும் வேலை செய்கிறது. அந்த நன்னீர் மறுபடி கொதிகலனுக்கே போகும். கடல்நீரை ஊற்றினால் உப்புப் படிந்து கொதிகலன் கெட்டுவிடும்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது 2,500 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 76 சுற்று. கண்ணாலேயே பின்தொடரலாம். வண்ணம் பூசி நிறுத்திவைத்த எஞ்சின்கள் நம் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. பராமரிக்க அது மலிவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓடும் ஒன்றுக்குப் பணம் ஒதுக்கினால், பத்துப் பலகை விளக்கங்களை மிச்சப்படுத்தலாம் என்பது என் கட்சி.

இதன் தம்பியைப் பார்க்க மேட்டுப்பாளையம் போனால் போதும். நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின் இரண்டு கட்டம் கொண்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான பல்சக்கரப் பாதையில், சாதாரணச் சக்கரங்களை ஓட்டிய நீராவியே அடுத்த ஜோடிச் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆனால் கண்டென்சர் கிடையாது. மிச்ச நீராவி காற்றோடு போகிறது. அதனால்தான் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நின்று நின்று தண்ணீர் பிடிக்கிறது.