சிக்கிள் செல் உள்ளவர்களுக்குப் பித்தப்பை அறுவை: தெரிந்திருக்க வேண்டியவை

சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, அடிக்கடி உடம்புவலி தரும் பரம்பரை நோய். நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் இந்நோய் உள்ளவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால், வழக்கமான வலிதான் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். அது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம்.

இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானதே நீலகிரியில்தான், 1952இல். சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இந்நோயில் 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். உடைந்த அணுவிலிருந்து வரும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி பித்தத்தில் மிகுந்து கறுப்புக் கல்லாகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் வரும். தின்ற பண்டத்தால் வந்தது என்று அம்மாவைத் திட்டாதீர்கள்.

இவர்களுக்குக் கண் எப்போதும் சற்று மஞ்சளாகவே இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வழக்கத்தைவிட மஞ்சள் கூடி, மலம் வெளுத்தால், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளத்தைக் கல் அடைத்திருக்கலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாத வலி, குளிர்காய்ச்சல் இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல்லால் ஒருமுறை வலி வந்துவிட்டாலே நாள் குறித்து அறுவை செய்துகொள்வது நல்லது. அவசரத்தில் செய்யும்போது ஆபத்து கூடுதல்.

லேப்ராஸ்கோப்பி என்பது வயிற்றைத் திறக்காமல், துளை வழியே கேமரா விட்டுப் பித்தப்பையை எடுக்கும் முறை. இதில் பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் போட்டு, வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் உப்ப வைப்பார்கள். பித்தப்பைக்குள் போவது அதன் குழாயும் ரத்தக்குழாயும் மட்டுமே என்று கண்ணால் உறுதி செய்த பிறகே கிளிப் போட்டு வெட்டுவார்கள். பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தைத் தவறாக வெட்டுவதுதான் இந்த அறுவையின் பெரிய அபாயம். தெளிவாகத் தெரியாதபோது மருத்துவர் வயிற்றைத் திறந்து செய்தால் அது தோல்வியல்ல, முன்னெச்சரிக்கை.

சிக்கிள் செல்லுக்கு இதற்கு மேலும் கவனம் தேவை. குளிர், நீர்வற்றல், ஆக்சிஜன் குறைவு மூன்றும் அணுக்களை அரிவாளாக வளைக்கும். அதனால் அறுவைக்காகப் பட்டினி இருக்கும் நேரத்தில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். அறுவை அரங்கிலும் வார்டிலும் உடம்பு கதகதப்பாக இருக்க வேண்டும். மலைக்குளிரில் இதை வலியுறுத்திக் கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் ரத்தம் ஏற்றி 10 கிராம் அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதற்கு மேல் அதிகம் ஏற்றினால் ரத்தம் கெட்டியாகிவிடும். சிக்கிள் செல்லுக்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து சாப்பிடுவதை மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

அறுவைக்குப் பின் வரும் தோள்பட்டை வலி, வயிற்றை உப்ப வைத்த வாயுவால் வருவது. ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் நுரையீரல் பாதிப்பாக இருக்கலாம், நர்ஸை உடனே கூப்பிட வேண்டும். இதைத் தடுக்கத்தான் விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை ஆழ்ந்து மூச்சு இழுக்கவும், சீக்கிரம் எழுந்து நடக்கவும் சொல்கிறோம். மற்றவர்கள் மறுநாளே வீடு போகிறார்களே என்று அவசரப்படாதீர்கள்.

பித்தப்பை போனபின்னும் அணுக்கள் உடைவது நிற்காது, பித்தநாளத்தில் பிற்பாடும் கல் சேரலாம். வழக்கமான மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.