இரண்டாம் பாகம் வேண்டாம் என்று ஒரு இயக்குநர் சொன்னால்

கொடைக்கானலில் கிளினிக் வைத்திருக்கும் எவருக்கும் சினிமாக்காரர்கள் புதியவர்கள் அல்ல. ஆனால் படப்பிடிப்புக்கு வருபவர்களைவிட, கதை டிஸ்கஷன் என்று சொல்லி வாரக்கணக்கில் காட்டேஜ் எடுத்துத் தங்குபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பெரும்பாலும் சளி, வயிற்றுக் கோளாறு, நெஞ்செரிச்சல் என்று வருவார்கள், மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள்.

போன ஐப்பசி மழையில் வந்தவர் அப்படி வரவில்லை. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர். முந்தைய வருடம் அவர் எடுத்த படம் பெரிய வெற்றி. இரண்டாம் பாகத்துக்கு அட்வான்ஸ் வாங்கி, ரிலீஸ் தேதியும் அறிவித்தாகிவிட்டது. வட்டக்கானல் பக்கம் தங்கி எழுதிக்கொண்டிருந்தார். உதவி இயக்குநர் பையன் ஒருவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது டாக்டர். கண்ணை மூடினா உள்ளேர்ந்து யாரோ உலுக்கி எழுப்பி விடுற மாதிரி இருக்கு" என்றார்.

இரத்த அழுத்தம் 164/102. பத்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்துப் பார்த்தபோதும் 156/98. ஈசிஜியில் அங்கங்கே கூடுதல் துடிப்பு. பயப்படும்படி வேறொன்றும் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது காபி. நடுவில் எனர்ஜி டிரிங்க். தூக்கம் நான்கு மணி நேரம், அதுவும் மெடிக்கலில் யாரோ சொல்லி வாங்கிய தூக்க மாத்திரையால். அந்த அட்டையை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோது அதில் இரண்டு மாத்திரைதான் மிச்சம் இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை வாங்கவே கூடாது. சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் படபடப்பு இன்னும் மோசமாகும். குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

கையில் ஒரு ஸ்பைரல் நோட்டு வைத்திருந்தார். நான் கேட்காமலேயே பிரித்துக் காட்டினார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்ட ரிலீஸ் தேதி. அடுத்த பக்கத்தில் 'சீன் 1' என்று எழுதி, கீழே நான்கு வரி, குறுக்கே ஒரு கோடு. அதற்கடுத்த பக்கமும் 'சீன் 1'. அதற்கடுத்ததும். நோட்டில் பாதிக்கு மேல் அப்படியே போனது.

இப்படி வருபவரை "டென்ஷன்தான், ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிடுவது எளிது. அது தவறு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், தூக்கம் கெடும். இரத்த சோகையும் சோர்வாகத்தான் தெரியும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். இவருக்குத் தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தோம். சரியாகவே இருந்தன. ஒரே நாள் அளவை வைத்து இரத்த அழுத்தம் என்று முத்திரை குத்தவும் கூடாது. கருவி கொடுத்து ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துவரச் சொன்னேன். அளவு குறையவில்லை. அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கினேன்.

இங்கே மலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "கொடைக்கானல்ல ரூம் போட்டு உட்கார்ந்தா கதை தானா வரும், மனசும் லேசாயிடும்" என்று தயாரிப்பாளர்கள் அனுப்பி வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த ஊர் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்த முதல் சில நாள் தூக்கம் மெலிதாகலாம், துடிப்பும் அழுத்தமும் கொஞ்சம் கூடலாம். ஏற்கெனவே தூங்காதவரை இங்கே கொண்டுவந்து, அதே தேதியையும் அதே போன் அழைப்புகளையும் கூடவே அனுப்பினால் இடம்தான் மாறும், அவர் நிலைமை மாறாது.

'பர்ன் அவுட்' என்ற சொல் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வரையறுத்தபோது நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நீண்ட நாள் வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்வது எதுவும் உருப்படியாக வரவில்லை என்ற உணர்வு, இந்த மூன்றும்தான் அடையாளம். மனச்சோர்வு நோய் வேறு. அது வேலையோடு நிற்காது, சாப்பாடு, பிள்ளைகள், பிடித்த பாட்டு என்று எல்லாவற்றிலும் ருசியை எடுத்துவிடும். அப்படித் தெரிந்தால், "சாகலாம்னு தோணுதா?" என்று நான் நேராகவே கேட்டுவிடுவேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்ட பிறகு பலர் நிம்மதியாக மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். இவர் "இல்ல டாக்டர், பொண்ணு இருக்கா" என்றார். அப்படி யாருக்காவது தோன்றினால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் இருக்கிறது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது முறை வந்தபோதுதான் கேட்டார். "இந்தப் படத்தை விட்டுடட்டுமா?"

விடு, விடாதே என்று சொல்வது என் வேலை இல்லை. தூக்கம் திரும்பும்வரை முடிவெடுக்க வேண்டாம், மூன்று வாரம் போகட்டும் என்றேன். அதற்குள் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் யோசித்து வைக்கச் சொன்னேன். தேதியை ஆறு மாதம் தள்ளிவைத்தால் இந்தப் படத்தை எடுக்க ஆசை இருக்கிறதா?

இந்தக் கேள்வியை நான் நம்புகிறேன். வெற்றி பெற்ற வரிசைப் படத்தை ஒருவர் விட்டுப் போனால் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குச் சண்டை, சம்பளம், தலைக்கனம் என்று மூன்று காரணம்தான் தோன்றுகிறது. உள்ளே வேறு கணக்கு ஓடுகிறது. ஹாலிவுட் இயக்குநர் கிறிஸ் கொலம்பஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரி பாட்டர் முதல் படம் 2001 நவம்பர் 16 அன்று வெளியானது. மூன்றே நாளில், 19ஆம் தேதி, இரண்டாம் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். 2002 நவம்பரில் அதுவும் வந்தது. அப்புறம் இயக்குநர் நாற்காலியை வேறொருவரிடம் விட்டுவிட்டு, மூன்றாம் படத்துக்குத் தயாரிப்பாளர்களில் ஒருவராக மட்டும் நின்றார். உடம்பும் மனமும் களைத்துவிட்டன, வார நாட்களில் பிள்ளைகளோடு இரவு உணவுக்கு உட்கார்ந்தே இரண்டரை வருடம் போல ஆகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். கேரி ராஸ் கதை வேறு. அவர் இயக்கிய ஹங்கர் கேம்ஸ் 2012 மார்ச்சில் வெளியாகி உலகம் முழுக்க 69 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அடுத்த மாதமே, இரண்டாம் படத்தை நான் எடுக்கவில்லை என்றார். குறித்த கால அட்டவணைக்குள் நினைத்தபடி எழுதித் தயாராக நேரம் போதாது என்பது அவர் காரணம். ஸ்பைடர்மேனை மூன்று முறை எடுத்த சாம் ரைமியும் நான்காவதை 2010இல் இப்படித்தான் விட்டார். 2011 மே மாத ரிலீஸ் தேதிக்குள் மனதுக்கு நிறைவான திரைக்கதை வரவில்லை.

ஒருவருக்கு வீடு, இருவருக்குத் தேதி. தேதிதான் பிரச்சினை என்றால் தள்ளிவைத்தால் தீரும். என்னிடம் வந்த இன்னொரு இயக்குநர் அதே கேள்விக்கு "ஆறு மாசம் கிடைச்சா பிரமாதமா எடுப்பேன்" என்று உடனே சொன்னார். அவருடைய தயாரிப்பாளர் நல்ல மனிதர், நான்கு மாதம் கொடுத்தார். படம் வந்தது.

இவர் மூன்று வாரம் கழித்து வந்து உட்கார்ந்தார். தூக்கம் ஆறு மணி நேரத்துக்கு வந்திருந்தது, காபி இரண்டாகக் குறைந்திருந்தது. "தேதி இல்லேன்னாலும் என்கிட்ட கதை இல்ல டாக்டர். அந்த ஆளோட கதை முதல் படத்துலயே முடிஞ்சுபோச்சு. நான் செத்தவனை எழுப்பி உட்கார வைக்கிறேன்" என்றார்.

அட்வான்ஸில் பாதி வீட்டுக் கடனுக்குப் போயிருந்தது. அவரை உண்மையில் கட்டிப்போட்டது அதுதான். ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் எதையும் எழுதிவிடாமல் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாத துறை. பணத்தைத் தவணையில் திருப்பித் தருவதாகப் பேசி முடித்தார் என்று பிறகு சொன்னார்.

முடிவு வெளியே தெரிந்ததும் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். "சொந்தக்காரங்க எல்லாம் ஹீரோவோட சண்டையாமேன்னு கேக்குறாங்க டாக்டர். இவருக்குப் பைத்தியமான்னுகூட ஒருத்தர் கேட்டுட்டார்" என்று அழுதார். இதைப் படிப்பவர்களிடம் எனக்கு இருக்கும் பெரிய வேண்டுகோள் இந்த இடத்தில்தான். உங்கள் வீட்டில் ஒருவர் ஊரே பொறாமைப்படும் வேலையை விட்டுவிட்டு வந்தால், முதல் வாரத்தில் ஏன் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். காரணத்தை அவரே சொல்வார்.

தயாரிப்பு நிர்வாகிகளுக்கும் ஒன்று. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், கொஞ்சம் குடித்தவரின் அளவுக்குத் தடுமாறும். அப்படிப்பட்ட ஓட்டுநரை பேக்கப் முடிந்த கையோடு வத்தலகுண்டு மலைப்பாதையில் இரவிலேயே இறங்கச் சொல்லாதீர்கள். ஒரு ராத்திரி ரூம் வாடகை பெரிய செலவில்லை.

மாசி மாதம் அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அழுத்தம் 134/84. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். இன்னும் மூன்று மாதம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.