ஆனோடு "நேர்மின்வாய்" இல்லைங்க

தாராவி 90 அடி ரோட்டுல வடாபாவ் வண்டிகிட்ட நிக்கேன், பன்னெண்டாவது கெமிஸ்ட்ரி பரீட்சை முடிச்சிட்டு வந்த பிள்ளைங்க நாலஞ்சு பேரு கேள்வித்தாளை விரிச்சு வச்சு விடை ஒத்துப் பாத்துக்கிட்டு இருக்கு. "ஏட்டி, இரும்பு துருப்பிடிக்கயில ஆனோடு ப்ளஸ்ஸா மைனஸ்ஸா?" "ப்ளஸ்தான், பேர்லயே இருக்குல்லா, நேர்மின்வாய்!" சொன்னது என் அண்ணன் மக. பரீட்சை இங்கிலீஷ்லதான், ஆனா அவ படிச்சது ஊர்லேர்ந்து வந்த தமிழ் கைடு. "சித்தப்பா, நீங்களே சொல்லுங்க." மைனஸ்தாம்ட்டி. மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே.

ஒரு மார்க்கைத் தின்னது அந்தத் தமிழ்ச்சொல்தான்.

மின்னோட்டம் உள்ள போக, வெளிய வர இருக்கிற ரெண்டு முனைக்கு ஆனோடு, கேத்தோடுங்கிற பேரெல்லாம் 1834ல மைக்கேல் ஃபாரடே கொண்டுவந்தது, வில்லியம் ஹூவெல்னு ஒரு அறிஞர்கிட்ட யோசனை கேட்டு வச்சாரு. கிரேக்கத்துல மேலே போற வழி, கீழே போற வழி, அவ்வளவுதான். மனுசன் சூரியன் உதிக்கிற பக்கம், மறையுற பக்கம்னு மனசுல வச்சு யோசிச்சிருக்காரு, எந்தக் கொள்கையும் ஒட்டாத பேரா இருக்கணும்னு. அப்படிப் பாத்துப் பாத்து வச்ச பேருக்கு நம்மாளு கொண்டுபோய் ப்ளஸ் குறியை ஆணியடிச்சு மாட்டிட்டாரு.

"மின்னாற்பகுப்புல, அதான் கரைசல்ல மின்சாரம் விட்டுப் பிரிக்கயில, ஆனோடு ப்ளஸ்தானே"ம்பாங்க. ஆமா, அங்க ப்ளஸ்தான், வெளியிலேர்ந்து பேட்டரி மாட்டி இழுக்கிறதால. ஆனோடுன்னா ஆக்சிஜனேற்றம் நடக்கிற இடம், எலெக்ட்ரான் கழண்டு வெளிய போற இடம். டார்ச் கட்டையோட துத்தநாகக் கூடு மைனஸ், அதுதான் ஆனோடு. பால்கனி கிரில்லுல ஒரு மழைத்துளி நிக்குதுன்னு வைங்க, துளியோட நடுவுல ஆக்சிஜன் கம்மி, அங்க இரும்பு கரையுது, அது ஆனோடு, ஓரத்துல கேத்தோடு. இதுல எதை நேர்ங்கிறது? இன்னொண்ணு, நம்ம மொபைல் பேட்டரில மைனஸ் பக்கம் எப்பவும் மைனஸ்தான், ஆனா சார்ஜ் இறங்கயில அது ஆனோடு, சார்ஜ் ஏறயில அதே கேத்தோடு. குறி மாறல, பேருதான் மாறுது. நேர்மின்வாய்காரங்க இதை எப்படிச் சொல்லுவாங்க, "எதிர்முனையில இருக்கிற நேர்மின்வாய்"னா? கப்பல் அடியில இரும்புக்குப் பதிலாத் தான் கரைஞ்சு துருவைத் தடுக்க மாட்டுற துத்தநாகக் கட்டிக்குத் "தியாக நேர்மின்வாய்"னு ஒருத்தர் எழுதினதைப் பாத்தேன், தியாகம் பண்ணது வாசிக்கிறவன்தான்.

மொழிபெயர்க்கிறவங்க பாதிப் பேரு சோதனையைப் பாக்காம அகராதியை மட்டும் பாத்து எழுதுறாங்க. அதே மாதிரிதான் எந்த உலோகம் கெட்டாலும் துருன்னு எழுதுறதும். செம்புல ஏறுறதுக்குக் களிம்புன்னு எவ்வளவு பழைய சொல் இருக்கு, வெள்ளி கறுக்கும், இரும்புதான் துருப்பிடிக்கும். எல்லாத்துக்கும் பொதுவா அரிமானம்னு அருமையான சொல்லும் இருக்கு.

எலெக்ட்ரோடுக்கு மின்வாய்ங்கிறது நல்ல சொல், அதை விடவேண்டாம். மின்னோட்டத்தோட திசையை எலெக்ட்ரானுக்கு எதிராத்தான் கணக்குல வைக்கிறோம், அப்படிப் பாத்தா அது வெளிச்சுத்துலேர்ந்து உள்ள நுழையுற பக்கம் ஆனோடு, பேட்டரினாலும் மின்னாற்பகுப்புனாலும் இது மாறாது, அதனால புகுவாய், மத்தது விடுவாய்னு வைக்கலாம்னு அவகிட்ட சொன்னேன். "நீ புகுவாய், நீ விடுவாய்னு செய்யுள் மாதிரி இருக்கு சித்தப்பா"ன்னு சிரிச்சிட்டா. சரிட்டி, அடுத்த பரீட்சைக்கு ஆனோடுன்னே படிச்சிட்டுப் போ, அந்தக் கைடை மட்டும் எங்கிட்ட குடு.